கரையோரக் கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது: டெலிபோட்டோ லென்ஸ் வாங்கிய புதியவர்களுக்கு

டெலிபோட்டோ லென்ஸ் வாங்கியதும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வேப்பங்கொப்பில் இருந்த மைனாவை எடுத்தேன், இரவில் நிலாவை எடுத்தேன், பிறகு லென்ஸை அலுமாரியில் வைத்துவிட்டேன். மறுபடி அதை வெளியே எடுக்க வைத்தது யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. கிட்டப் போய் எடுத்தால் மின்கம்பம், கம்பி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி என்று எல்லாம் படத்துக்குள் வந்துவிழுந்தன. வீதி வழியே நூறு மீற்றர் திரும்பி நடந்து 200 மி.மீற்றரில் பார்த்தேன். வீடு மட்டும் இருந்தது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 55–250 அல்லது 70–300 மி.மீற்றர் போதும், பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டடம் ஓடிப்போகாது என்பதால் அதிக வெளிச்சம் வாங்கும் எஃப் 2.8 லென்ஸின் விலையும் பாரமும் வீண். முக்காலி இருந்தால் நல்லது.

முதற்படி: எங்கே நிற்பது

மற்றப் படிகளில் பிழைவிட்டால் திருத்தலாம், இதில் விட்டால் திருத்த முடியாது. ஒரு கிடுகு வேலி, அதற்கு 100 மீற்றர் அப்பால் ஒரு தேவாலயக் கோபுரம் என்று வையுங்கள். வேலிக்கு 20 மீற்றர் முன்னால் நின்றால் கோபுரம் உங்களிடமிருந்து 120 மீற்றர். வேலியைப்போல் ஆறு மடங்கு தூரம். படத்தில் வேலி பெருத்து, கோபுரம் குச்சியாகிவிடும். வேலியிலிருந்து 200 மீற்றர் தள்ளிப் போனால் வேலி 200, கோபுரம் 300, ஒன்றரை மடங்குதான். இப்போது கோபுரம் வேலிக்கு மேலே எழுந்து நிற்கும். இதைச் செய்தவை உங்கள் கால்கள். அங்கிருந்து தெரிவதில் வேண்டிய துண்டை வெட்டி எடுப்பதுதான் லென்ஸின் வேலை.

தூரம் போவதால் இன்னொரு நன்மை, கட்டடம் பின்னால் சாயாது. 1916இல் கட்டப்பட்ட பருத்தித்துறை வெளிச்சவீடு 32 மீற்றர் உயரம். பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃப்ரேம் கமராவை, படம் நெடுக்காக வரும்படி திருப்பிப் பிடித்து 50 மி.மீற்றரில் அதை முழுதாக அடக்க ஏறத்தாழ 45 மீற்றர் தள்ளி நின்று, கமராவை 18 பாகையளவு மேலே சாய்க்கவேண்டும். 200 மி.மீற்றரில் 180 மீற்றர் தள்ளி நின்றால் 5 பாகை கூடச் சாய்க்கவேண்டியதில்லை. கோபுரம் கோபுரமாகவே நிற்கும்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம். ஏறி நின்று பார்க்க மேடு இல்லை. ஆனால் கடலுக்குள் நீளும் வீதிகளும் இறங்குதுறைகளும் இருக்கின்றன. பண்ணைப் பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பாருங்கள், யாழ்ப்பாணக் கோட்டை முழுவதும் ஒரு கோடாகக் கிடக்கும். ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து பார்த்தால் கடற்கோட்டை தண்ணீருக்கு நடுவே இருக்கிறது. நடந்து கிட்டப்போக வழியில்லாத கட்டடம், நம் லென்ஸுக்கென்றே கட்டிவைத்ததுபோல. அது கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் கேட்டுக்கொண்டு எடுங்கள். பொதுவாகவே படை நிலைகள் உள்ள பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பாமல் இருப்பது புத்தி.

இரண்டாம் படி: வெயில் எந்தப் பக்கம்

கறுப்பு வெள்ளையில் சுவரின் நிறம் போய்விடும், மிஞ்சுவது அதன் தோல்தான். எங்கள் கரையோரத்துப் பழைய சுவர்கள் பல முருகைக்கல்லால் ஆனவை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் உற்றுப் பாருங்கள்: நுண்ணிய துளைகள், பூவிதழ்போல் விரியும் கோடுகள், அவற்றுக்குள் பழைய சாந்து. நேரே முகத்தில் வெயில் அடித்தால் இவை எதுவும் தெரியாது. சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் வெயிலில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிழல் விழும். அந்த வெயில் அரை மணி நேரம் நின்றால் அதிகம். ஒரு தடவை தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவோம் என்று போய்த் திரும்பினேன், சுவர் வெறும் சுவராகியிருந்தது.

எந்த மாதம் என்பதும் முக்கியம். வல்வெட்டித்துறை முதல் பருத்தித்துறை வரை கடலைப் பார்க்கும் வீடுகள் வடக்கு நோக்கியவை. மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே போய்விடுவதால் அவற்றின் முகப்பு நாள் முழுக்க நிழலில் கிடக்கும். ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கில். ஆனி மாதக் காலையில் அது கிழக்கிலிருந்து வடக்கே விலகி எழுந்து, அந்த முகப்புகளைச் சரியாக உரசிக்கொண்டு வரும். வட கரைக்கு ஆனி, ஆடி என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கோட்டைக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். ஒல்லாந்தர் கட்டிய ஐந்து முனைக் கோட்டை என்பதால் ஒரு முகம் வெளிச்சத்தில் இருந்தால் அடுத்தது நிழலில் இருக்கும்.

நண்பகலில் கடலுக்குக் குறுக்கே எடுக்கவேண்டாம். பண்ணையில் ஒரு பங்குனிப் பகலில் 300 மி.மீற்றரில் எடுத்த படங்கள் எல்லாம் நெளிந்து குழம்பி வந்தன. லென்ஸ் பழுது என்று நினைத்து ஒரு கடையில் கொடுத்தேன். ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தார்கள். பிழை வெக்கையில் இருந்தது. சூடான காற்று அலைந்தால் எந்த லென்ஸாலும் கூர்மையாகப் பார்க்க முடியாது. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கமராவில் செய்யவேண்டியவை

கமராவை மொனோகுரோம் முறையில் வையுங்கள், ஆனால் ரோ கோப்பாகப் பதியுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், கோப்புக்குள் நிறம் பத்திரமாக இருக்கும். அப்பர்ச்சர் எஃப் 8. ஷட்டர் வேகம் குறைந்தது லென்ஸின் மி.மீற்றர் எண்ணுக்கு ஈடாக இருக்கவேண்டும், 200 மி.மீற்றர் என்றால் 1/200 விநாடி. சிறிய சென்சர் கமராவில் அதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, 300 மி.மீற்றர் என்றால் 1/500. வேகம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (சென்சரின் உணர்திறனை) கூட்டுங்கள். கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் மணல்மணலாக இருந்தால் அழகுதான். சோளகக் காற்றில் முக்காலி நடுங்கும், அதன் நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுங்கள்.

வெள்ளை பூசிய தேவாலயத்தைக் கமரா தானாகவே சாம்பலாக்கிவிடும், அதற்கு எந்த வெள்ளையையும் நம்ப மனமில்லை. எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டொப் (இரு மடங்கு வெளிச்சம்) வரை கூட்டி, சுவரின் பிரகாசமான இடம் வெறும் வெள்ளையாக வெந்துபோகவில்லையா என்று திரையில் பாருங்கள். மணற்காடு பக்கம் மணலுக்குள் நிற்கும் இடிந்த தேவாலயத்தை எடுக்கப் போனால் லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள், அங்கே கழற்றவேண்டாம்.

நான்காம் படி: படலையில் நிற்பவரிடம் பேசுவது

முக்காலியும் நீண்ட லென்ஸுமாக ஒழுங்கையில் நின்றால் நிலஅளவைக்காரன் என்றுதான் நினைப்பார்கள். சங்கடப்படலை (கூரை போட்ட வாசற்படலை) வைத்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, வீதி அகலிக்க அளக்க வந்தீரா?" என்றார். "இல்லை ஐயா, படலையைப் படம் எடுக்கிறேன்" என்றேன். "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, கூரையில் கிடந்த காவோலையைத் தானே எடுத்துப்போட்டார். தூரத்திலிருந்து எடுக்க முடிகிறது என்பதற்காகக் கேட்காமல் எடுக்கவேண்டாம்.

ஐந்தாம் படி: வீட்டில்

செவ்வோடும் பச்சை மாவிலையும் கண்ணுக்கு எவ்வளவு வேறு! கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல், கூரை மரத்துக்குள் கரைந்துவிடும். என் முதல் இருபது படங்கள் அப்படித்தான் போயின. மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இழுவை (ஸ்லைடர்) இருக்கும். சிவப்பையும் செம்மஞ்சளையும் கூட்டினால் ஓடு வெளிறும், பச்சையைக் குறைத்தால் இலை இருளும். கூரை தனியே வந்துவிடும். நீலத்தைக் குறைத்தால் வானம் கறுக்கும். அதிகம் குறைத்தால் வானம் புள்ளிபுள்ளியாகி, கூரையின் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். பாதியில் நிறுத்துங்கள். தூரத்துக் கட்டடத்தின் மேல் மங்கல் படிந்திருந்தால் சிவப்பின் பங்கைக் கூட்டிப் பாருங்கள். மங்கல் பெரும்பாலும் நீலத்தில்தான் இருக்கிறது.

நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் உடலைத் துடைத்துவிட்டுப் படுங்கள், உப்பு காலைவரை காத்திருக்காது.

படலைப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நன்றாக இருக்கிறது தம்பி. நிறத்தில் ஒன்று இல்லையா?" என்றார். ரோ கோப்பு இருந்தது. அடுத்த கிழமை நிறத்திலும் ஒன்று கொடுத்தேன். அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.