ஊரைக் காலி செய்வது எப்படி: கடைசி வண்டியிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

வெள்ளமோ காட்டுத் தீயோ புயலோ வந்தால் உங்கள் ஊரை முழுவதுமாகக் காலி செய்ய எத்தனை மணி நேரம் ஆகும்? இதற்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாத ஊரில், கோப்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், திட்டம் இன்னும் தொடங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சிறிய ஊர்களில் எங்கே போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும். மேடு எது, உறுதியான கட்டடம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவறிப்போவது கிளம்பும் நேரம்தான்.

முதல் வேலை: வீட்டுக் கணக்கு

ஒரு வீட்டுக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அந்தப் பட்டியலால் பயனில்லை. இரவில் எத்தனை பேர், பகலில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், சொந்த வண்டி உண்டா, அதை ஓட்டுபவர் பகலில் ஊரில் இருப்பாரா, கால்நடை எத்தனை, ஊருக்கு வெளியே தொடர்புகொள்ள யாருடைய எண் என்ற ஏழும் வேண்டும். பகல் கணக்கையும் இரவுக் கணக்கையும் பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. பகலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். இரவில் ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் எழுப்பிக் கிளப்ப நேரம் பிடிக்கும்.

பட்டியலில் விடுபடுகிறவர்கள் எப்போதும் ஒரே வகையினர்தான்: வயலில் கொட்டகை போட்டுத் தங்கும் கூலியாட்கள், சூளைத் தொழிலாளர்கள், வாடகைக்கு வந்தவர்கள், விருந்தாளிகள், ஒதுக்குப்புறத்தில் தனியே வாழும் ஒருவர். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் இவர்கள் நிச்சயம் விட்டுப்போவார்கள். அதனால் வீடு வீடாக நடந்தே எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். தாளில் மூன்று படிகள் எடுத்து, நெகிழி உறையில் போட்டு, மூன்று வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். தொலைபேசியில் மட்டும் இருக்கும் பட்டியல் மின்சாரம் போன மறுநாள் கைக்குக் கிடைக்காது. நோயாளிகளின் விவரம் அதில் இருப்பதால் பொதுச் சுவரில் ஒட்டக் கூடாது.

நேரக் கணக்கு

சொந்த வண்டி இல்லாதவர்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஊரின் வேகம் அவர்களுடைய வேகம்தான். ஓர் எடுத்துக்காட்டு: 130 பேருக்கு வண்டி இல்லை. 20 பேர் ஏறக்கூடிய வண்டிகள் இரண்டு கிடைக்கும். ஒரு நடையில் 40 பேர். ஆக நான்கு நடை. ஆட்களை ஏற்ற 15 நிமிடம், போக 10, இறக்க 10, திரும்ப 10 என ஒரு நடைக்கு 45 நிமிடம். கடைசி நடையில் திரும்ப வேண்டியதில்லை, ஆகவே மொத்தம் 170 நிமிடம். ஏற்றும் நேரத்தைத்தான் எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள். ஒரு மூதாட்டியை டிரெய்லரில் ஏற்றவே ஐந்து நிமிடம் ஆகும். படி வைத்த பலகை இல்லாவிட்டால் இன்னும் கூடும்.

இதோடு செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச்சேர 60 நிமிடம், வீட்டார் தயாராக 60, யாரும் விட்டுப்போகவில்லை என்று கடைசியாகப் பார்த்துவர 30. கூட்டினால் 320 நிமிடம். இது பகலில், நல்ல வானிலையில். இருட்டுக்கும் மழைக்கும் புகைக்கும் சேர்த்துப் பாதியைக் கூட்டுங்கள்: 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம்.

இனி இந்த எட்டு மணி நேரத்தை ஓர் அடையாளத்தோடு கட்ட வேண்டும். வெளியேறும் வழியிலுள்ள தரைப்பாலம், அளவுகோலில் நீர் 3 மீட்டரைத் தொட்டால் மூழ்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மிக வேகமாக ஏறியபோது மணிக்கு 20 செ.மீ. ஏறியிருக்கிறது. எட்டு மணி நேரத்தில் 1.6 மீட்டர். ஆகவே நீர் 1.4 மீட்டரைத் தொடும்போதே ஊர் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் ஆறு பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும்; ‘இதற்கா கிளம்புவது?’ என்று பத்துப் பேர் கேட்பார்கள். அதனாலேயே இந்த எண்ணை வெயில் காலத்தில், எல்லோரையும் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டி முடிவு செய்துவிட வேண்டும். பாலத்தூணில் 10 செ.மீ. பட்டைகளாக வண்ணம் பூசி, கிளம்பும் பட்டையை மட்டும் வேறு நிறத்தில் அடித்துவிட்டால் சின்னப் பையன்கூடப் பார்த்துச் சொல்வான்.

ஓர் எல்லைக்கோடு போதாது, மூன்று வேண்டும். முதல் கோட்டைத் தொட்டதும் நடக்க முடியாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், கால்நடைகள். இரண்டாவதில் எல்லோரும். மூன்றாவதைத் தாண்டினால் சாலையில் இறங்குவதே ஆபத்து. அதற்குமேல் அருகிலுள்ள கடைசிப் புகலிடம்தான். வெள்ளத்துக்கு அது உறுதியான மாடி. தீக்கு, செடிகொடி இல்லாமல் உழுதுபோட்ட அகலமான வயல். மூன்றாவது கோட்டைத் தாண்டியும் வண்டியை எடுப்பவர்கள்தான் அடித்துச் செல்லப்படுகிறார்கள். வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் ஒரு ஆளைச் சாய்த்துவிடும், 30 செ.மீ. நீர் பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும், 60 செ.மீ. நீர் பெரிய வண்டியையும் கொண்டுபோய்விடும். மேலே நீர் ஓடும்போது கீழே சாலை இருக்கிறதா அரித்துப்போனதா என்பதும் தெரியாது.

வழி

இரண்டு வழிகள் வேண்டும். இரண்டும் ஒரே பாலத்தின்மேல் போனால் அது ஒரு வழிதான். மிகப் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு இரவில் ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். தாழ்ந்த மின்கம்பி, குறுக்கே நீண்ட கிளை, பூட்டிக்கிடக்கும் கதவு, இரண்டு வண்டிகள் விலக முடியாத இடம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பூட்டின் சாவி யாரிடம் என்பதைத் திட்டத்தில் எழுதுங்கள். கம்பி வெட்டும் கருவியையும் முதல் வண்டியில் போடுங்கள். குறுகலான இடத்தில் இழுவைச் சங்கிலியோடு ஒரு டிராக்டர் நிற்கட்டும். ஒற்றைத்தடச் சாலையில் ஒரு வண்டி சேற்றில் இறங்கிவிட்டால் ஊரே அதன் பின்னால் நிற்கும்.

கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் வெளியேற்றத்துக்கு நன்றாகவே தயாராகியிருந்தது. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்ப ஏற்பாடு இருந்தது. 2018 நவம்பரில் தீ வந்த வேகத்தில் பல மண்டலங்கள் ஒரே நேரத்தில் கிளம்ப, சாலைகள் அடைத்துக்கொண்டன. அந்தத் தீயில் 85 பேர் இறந்தனர், பெரும்பாலோர் முதியவர்கள். பகுதி பகுதியாகக் கிளப்பும் திட்டம் வைத்திருப்பவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சாலை தாங்குமா என்பதையும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது

கிளம்பு என்று சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு. அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர், அவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர். பெயர் வரிசை எழுத்தில் இருக்க வேண்டும். முடிவெடுப்பவர் வண்டி ஓட்டக் கூடாது, ஆட்களைத் தூக்கப் போகவும் கூடாது. ஓரிடத்தில் இருந்தால்தான் தேடிவருபவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

15 முதல் 20 வீடுகளுக்கு ஒரு செய்தியாளர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவருடைய குடும்பம் முதல் வண்டியில் போய்விட வேண்டும். தன் பிள்ளை எங்கே என்று தெரியாதவரால் பிறர் வீட்டுக் கதவை நிதானமாகத் தட்ட முடியாது. ஒலிபெருக்கியோ சங்கொலியோ மட்டும் போதாது. ஒலியைக் கேட்டதும் மக்கள் கிளம்புவதில்லை. பக்கத்து வீட்டில் கேட்பார்கள், யாருக்காவது அழைப்பார்கள், எட்டிப் பார்ப்பார்கள். இந்தத் தயக்கத்தைக் குறைப்பது தெரிந்த முகம் வந்து சொல்லும் தெளிவான செய்திதான். யார் சொல்கிறார், என்ன ஆபத்து, எந்த இடம், எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்:

‘வெளியேற்றக் குழுவிலிருந்து சொல்கிறேன். ஆறு 1.4 மீட்டரைத் தாண்டிவிட்டது. கீழத்தெருவும் ஆற்றோரத் தெருவும் மாலை 4 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். மருந்து, சான்றிதழ், மாற்றுத்துணி மட்டும் எடுங்கள். வண்டி இல்லாதவர்கள் ஆலமரத்தடிக்கு வாருங்கள்.’

‘எச்சரிக்கையாக இருக்கவும்’ என்ற வாக்கியத்தால் ஒருவரும் ஒரு அடி நகர மாட்டார்கள். அதைச் செய்தியில் சேர்க்காதீர்கள்.

கிளம்பிய வீட்டின் வாசலில் துணி கட்டும் வழக்கம் பல திட்டங்களில் உண்டு. ஆளில்லாத வீடு எது என்று திருடனுக்கும் அது சொல்லிவிடும். சிறிய ஊரில் செய்தியாளர் தன் தாளில் குறித்துக்கொள்வதே மேல்.

வரமாட்டேன் என்பவரிடம் வாதாடி நேரத்தை விடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்: மாட்டை விட்டு வர மனமில்லை, திருட்டுப் பயம், படுக்கையில் இருப்பவரைத் தூக்க ஆளில்லை, போன முறை கிளம்பி ஒன்றும் நடக்கவில்லை. முதல் மூன்றுக்கும் உதவி செய்ய முடியும். மூன்று நிமிடத்துக்குமேல் இழுத்தால் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், இரண்டாம் சுற்றில் திரும்பி வாருங்கள். பக்கத்து வீடுகள் காலியானதைப் பார்த்த பிறகு பலரும் இறங்கிவருவார்கள்.

பள்ளி நேரத்தில் ஆபத்து வந்தால் பெற்றோர் பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் ஓடுவார்கள். சாலை அங்கேயே குழம்பும். பள்ளி எந்த இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லி, அந்த இடத்தில்தான் சேர்வது என்று ஒப்புக்கொள்ள வையுங்கள்.

நடக்க முடியாதவர்கள்

ஒவ்வொருவருக்கும் இரண்டு உதவியாளர்களைப் பெயர் போட்டு எழுதுங்கள். ஒருவராவது நடக்கும் தூரத்தில் இருப்பவராக வேண்டும். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கலாம், படுத்தே இருப்பவரைக் கனத்த போர்வையில் ஆறு பேர். செயற்கை ஆக்சிஜனில் இருப்பவர்களின் கணக்கைத் தனியாகப் போடுங்கள்: 680 லிட்டர் கொண்ட சிறிய உருளை, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 மணி 40 நிமிடத்துக்கு மேல் வராது. மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவி மின்சாரம் போனதும் நின்றுவிடும். இவர்கள் முதல் கோட்டிலேயே போய்விட வேண்டும். தினசரி மருந்துகள் ஏழு நாளைக்குப் பையில் இருக்கட்டும். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கலாம், உறையவிடக் கூடாது.

கால்நடை

மாடுகளை வண்டிகளுக்கு முன்பே, முடிந்தால் வேறு வழியில் ஓட்டிப்போக வேண்டும். ஒரே சாலையில் மந்தையும் வண்டிகளும் கலந்தால் நடை வேகத்துக்கு மேல் எதுவும் நகராது. கொண்டுபோக முடியாதவற்றைக் கட்டிவைத்துவிட்டு வராதீர்கள், அவிழ்த்துவிடுங்கள். தீ என்றால் நைலான் கயிற்றைக் கழுத்திலிருந்து நீக்குங்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். புல் இல்லாத வெற்று நிலத்துக்கு விரட்டிவிட்டுத் தொழுவத்தின் கதவைச் சாத்துங்கள். இல்லாவிட்டால் பயத்தில் உள்ளேயே திரும்பும். உடலில் தொலைபேசி எண்ணை வண்ணத்தால் எழுதிவிட்டால் பிறகு தேடுவது எளிது. போய்ச்சேரும் இடத்தில் ஒரு பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீராவது கணக்கில் வையுங்கள்.

ஆபத்துக்கு ஆபத்து மாறுபடும்

கடற்கரையில் நில அதிர்ச்சி பலமாகவோ நீண்ட நேரமோ இருந்தால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்கக் கூடாது, நடந்தே மேட்டுக்கு. 2004இல் இந்தோனேசியாவின் சிமேலு தீவை அலை சில நிமிடங்களில் தொட்டது. அதிர்ந்ததும் மலைக்கு ஓடு என்று தலைமுறையாகச் சொல்லிவந்ததால் அங்கே உயிரிழப்பு மிகக் குறைவு. தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது வேகமெடுக்கும். ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு. மேட்டுக்கு ஓடுவது வெள்ளத்துக்குச் சரி, தீக்குத் தவறு. மலையடிவாரத்தில் ஓடை திடீரெனக் கலங்கினாலோ, மழை பெய்தும் நீர் குறைந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ மண் சரியப்போகிறது. ஓடையோரமாகக் கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். புயலில் பலத்த காற்று தொடங்குமுன் கடைசி வண்டி போய்ச்சேர்ந்திருக்க வேண்டும். நச்சு வாயு என்றால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். சில நேரம் கதவு சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதே சரி, அதை அதிகாரிகள் சொல்வார்கள்.

தங்குமிடமும் திரும்புவதும்

ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர், நாளொன்றுக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்து 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது உலகெங்கும் நிவாரணப் பணியில் பின்பற்றும் அளவு. 300 சதுர மீட்டர் கூடத்தில் 85 பேர் தங்கலாம்; 200 பேரை அடைத்தால் இரண்டாம் நாளே ஊர் திரும்ப ஆரம்பிப்பார்கள், ஆபத்து நீங்கியிருக்காது. பெண்களுக்கான கழிப்பறைகள் கூடுதலாகவும் வெளிச்சமுள்ள இடத்திலும் இருக்கட்டும்.

வாசலில் ஒருவர் உட்கார்ந்து உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் எழுத வேண்டும். அந்தத் தாளையும் செய்தியாளர்களின் தாள்களையும் ஒப்பிட்டால்தான் யார் வரவில்லை என்பது தெரியும். உறவினர் வீட்டுக்கு நேரே போனவர்கள் தகவல் சொல்லாவிட்டால், பத்திரமாக இருப்பவர்களைத் தேடி மீட்புக்குழு வெள்ளத்தில் இறங்க வேண்டிவரும்.

திரும்புவது பகலில் மட்டும். வீட்டுக்குள் எரிவாயு நாற்றம் இருந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வாருங்கள். நனைந்த வீட்டின் மெயினைத் தெரிந்தவர் பார்த்த பிறகே போடுங்கள். பாம்புகள் உலர்ந்த மேடான இடத்தில் ஒதுங்கியிருக்கும், ஆகவே அலமாரிக்கும் பரணுக்கும் கையை விடுமுன் கோலால் தட்டுங்கள். கிணற்று நீரைக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

கிளம்பிப் போய் ஒன்றும் நடக்காமல் திரும்பினால், இரண்டு மூன்று நாளுக்குள் ஊரைக் கூட்டி நீர் எந்தப் பட்டை வரை வந்தது, எந்த எண்ணை வைத்து முடிவெடுத்தோம் என்று காட்டுங்கள். அன்றைக்கு எந்த நடைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்துவையுங்கள். ஆட்களை ஏற்ற ஊகமாகப் போட்ட 15 நிமிடத்துக்குப் பதில் அளந்த 22 நிமிடம் கிடைத்தால் கணக்கை மறுபடி போட்டு, பாலத்தூணில் அந்தப் பட்டையை இன்னும் கீழே இறக்கிப் பூச வேண்டும்.