ஷாத்தோ ஷலோன்: ஒரு ஒயின் கிராமத்தைப் பார்க்கும் முறை

பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மாவட்டத்தில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையொன்றின் தலைமேல் அமர்ந்திருக்கிறது ஷாத்தோ ஷலோன் என்னும் சிற்றூர். நிலையாக வசிப்பவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்றிருப்பதால் கோடையில் வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. வருகிறவர்களில் பலர் பாறை விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்த ஊரின் மரபு கட்டடங்களில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி நிலத்திலும் நிலவறையிலும் இருக்கிறது. ஆகவே கீழிருந்து தொடங்கி மேலே ஏறி, கடைசியில் நிலவறைக்குள் நுழைவதே சரியான வரிசை என்பது என் கருத்து.

லோன் லெ சோனியே நகரம் வரை ரயிலில் வரலாம். அங்கிருந்து வாடகைக் கார் எடுப்பதே வசதி. நேராக உச்சிக்குப் போகாமல், பாறையின் அடிவாரத்தில் உள்ள வுவாத்தர் ஊர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, சரிவை நிமிர்ந்து பாருங்கள். திராட்சைக் கொடிகள் தெற்கையும் தென்மேற்கையும் நோக்கிய சரிவில் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் எழும் பாறைச் சுவர் குளிர்காற்றைத் தடுத்து, பகல் வெயிலின் சூட்டைத் தேக்கி வைக்கிறது. தோட்டத்து ஓரப் பாதையில் சற்று நடந்தால், காலடியில் இருப்பது நீலச் சாம்பல் நிறக் களிமண் என்பதும், அதன்மீது மேலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புச் சில்லுகள் கலந்து கிடப்பதும் தெரியும். மழைக்குப் பிறகு இந்த மண் செருப்பை விடாது என்பதால், நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுமார் 20,000 ஹெக்டேராக இருந்த ஜூராவின் திராட்சைப் பரப்பு, ஃபிலோக்செரா என்னும் வேர்ப்பூச்சியாலும் பின்வந்த போர்களாலும் சுருங்கி, இன்று பத்தில் ஒரு பங்களவே எஞ்சியிருக்கிறது. அதில் ஷாத்தோ ஷலோன் என்ற பெயருக்கு உரியது, நான்கு ஊர்களில் பரவிய ஏறத்தாழ 50 ஹெக்டேர் மட்டுமே.

பிறகு மேலே ஏறுங்கள். முதலில் பார்க்க வேண்டியது புனித பேதுரு ஆலயம். அதன் கூரையில் ஓடு இல்லை. தட்டையான சுண்ணாம்புக் கற்பலகைகளை அடுக்கி வேய்ந்திருக்கிறார்கள். இந்த ஊரில் பல நூற்றாண்டுகள் பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில், பல தலைமுறை உயர்குடிப் பிறப்பை நிரூபித்த பெண்களுக்கே அதில் இடம் கிடைத்தது. பிரெஞ்சுப் புரட்சியோடு மடம் முடிவுக்கு வந்தது. அந்தக் கன்னியர்தாம் ஹங்கேரியிலிருந்து இங்குள்ள திராட்சையை வரவழைத்தார்கள் என்று சொல்லக் கேட்பீர்கள். கேட்டு ரசிக்கலாம், நம்ப வேண்டியதில்லை: இங்கே விளையும் சவாஞ்ஞன், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் திராமினர் எனப்படும் பழைய வகையேதான் என்பதை மரபணு ஆய்வு காட்டிவிட்டது. சந்துகளில் நடக்கும்போது வீடுகளின் மாடத்தைவிட அடித்தளத்தைக் கவனியுங்கள். தெரு மட்டத்தில் வளைவோடு அகன்ற நிலவறைக் கதவுகள் இருந்தால், அது திராட்சை விவசாயியின் வீடு என்று புரிந்துகொள்ளலாம். பழைய காலத்து வகுப்பறையை அப்படியே வைத்திருக்கும் பள்ளிக்கூட அருங்காட்சியகத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

இனி நிலவறை. சிறு குடும்பங்கள் நடத்தும் இடங்கள் என்பதால், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவதே மரியாதை. இந்த ஊர்ப்பெயரில் விற்கப்படுவது வேன் ஜோன் எனப்படும் மஞ்சள் ஒயின் மட்டுமே. 1936ஆம் ஆண்டு, நம் புவிசார் குறியீட்டைப் போன்ற சட்டப் பாதுகாப்பு இதற்குக் கிடைத்தது. மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய, மேலும் ஊற்றி நிரப்புவார்கள். இங்கே வேண்டுமென்றே நிரப்புவதில்லை. காலியாகும் இடத்தில் காற்று சேர, ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு மெல்லிய சாம்பல் நிறப் படலமாகப் படர்ந்து, ஒயின் புளித்துக் காடியாகாமல் காக்கிறது. அறுவடைக்குப் பின் ஆறு ஆண்டும் சில மாதமும் ஆன பிறகே புட்டியில் அடைத்து விற்கலாம். அதற்குள் ஒரு லிட்டர் ஏறத்தாழ 62 சென்டிலிட்டராகக் குறைந்துவிடும். கிளாவ்லேன் என்னும் குட்டையான புட்டியின் கொள்ளளவும் அதுவே. நிலவறைகள் ஆழமாகவோ ஒரே சீரான குளிரிலோ இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்: பருவத்துக்குப் பருவம் வெப்பம் ஏறி இறங்குவதைத்தான் அந்தப் படலம் விரும்புகிறது.

சுவைக்கக் கொடுக்கும்போது கிண்ணத்தை உடனே வாயருகே கொண்டுபோகாமல் மூக்கருகே வைத்திருங்கள். முதலில் வால்நட் மணம் வரும். சற்றுப் பொறுத்தால் வறுத்த வெந்தயத்தின் மணம் தெளிவாக எழும். நம் அஞ்சறைப் பெட்டி மணம் அங்கே எப்படி வந்தது என்று வியக்க வேண்டாம். வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டலான் என்னும் சேர்மம்தான் இந்த ஒயினிலும் படலத்தின் கீழ் உருவாகிறது. மது அருந்தாதவர்கள் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்புவதும் அங்கே இயல்பான வழக்கம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். கார் ஓட்டுகிறவர் கண்டிப்பாகத் துப்பிவிட வேண்டும். சட்டத்தின் எல்லை ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் மட்டுமே, வளைந்து இறங்கும் பாதையோ குறுகலானது.

விவசாயியிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளின் ஒயினைப் பற்றிக் கேளுங்கள். அப்படி ஒன்று கிடையாது. அறுவடைக்கு முன் தோட்டங்களைப் பார்வையிடும் குழு, பழம் தரமாக இல்லை என்று கண்ட அந்த ஆண்டுகளில் ஊர்ப்பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. ஊர்ப்பெயரால் கிடைக்கும் ஓராண்டு வருமானத்தை ஊரே சேர்ந்து துறப்பதைத்தான் இந்த ஊரின் ஆகப் பெரிய மரபாக நான் கருதுகிறேன். ஆலயத்தின் கற்கூரைகூட அதற்கு அடுத்துதான்.

வருவதற்கு ஏற்ற காலம் இலையுதிர்காலம். சவாஞ்ஞன் தாமதமாகப் பழுப்பதால், பிற ஊர்களில் அறுவடை முடிந்தபின், அக்டோபர் மாதத்திலும் இங்கே பழம் பறிப்பதைக் காணக்கூடும். பிப்ரவரித் தொடக்கத்தில், 1997 முதல், ஜூராவின் ஏதேனும் ஓர் ஊரில் புதிய மஞ்சள் ஒயின் பீப்பாயைத் திறக்கும் விழா நடக்கிறது. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் போகலாம். நேரம் மிஞ்சினால், சற்றுத் தொலைவில் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் போம் லே மெசியே மடத்தையும் பாருங்கள். 910ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, புகழ்பெற்ற குளூனி மடத்தின் முதல் தலைவரான பெர்னோ அங்கிருந்து சென்றவரே.

ஒரு புட்டி வாங்குவதாக இருந்தால், விலை கூடுதலாகத்தான் இருக்கும். நன்கு முதிர்ந்த கோம்தே பாலாடைக்கட்டித் துண்டும் சேர்த்து வாங்குங்கள். புட்டியைச் சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். குளிர்பதனப் பெட்டியின் குளிரில் மணம் அடங்கிவிடும் என்பதால் சுமார் 15 டிகிரியில் பரிமாற வேண்டும். திறந்த புட்டி சில வாரங்கள் கெடாது. மிஞ்சியதைக் கொஞ்சம் பாலேட்டோடு கோழிக்குழம்பில் ஊற்றிச் சமைப்பது ஜூரா வீடுகளின் வழக்கம்.