துக்கத்துக்குப் பிறகு கிட்டார் செய்ய உட்காருகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தம்பி இறந்த நான்காவது மாதம் கிட்டார் செய்யத் தொடங்கினேன். தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவன் அவன். எனக்கு வாசிக்க வராது. அப்பா தச்சு வேலை பார்த்தவர் என்பதால் உளியும் இழைப்புளியும் மட்டும் பழக்கம். ராத்திரி ஒரு மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அந்த வேலை என்னைத் தாங்கிப் பிடித்தது. அதில் நான் செய்த தவறுகளை இதே நிலையில் வருகிற இன்னொருவர் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய தவறு, முதல் கிட்டாரையே போனவருக்கான கிட்டாராக நினைத்துக்கொள்வது. தம்பியின் தேக்குக் கட்டிலில் இருந்து ஒரு பலகையை எடுத்து, பக்கவாட்டுக்கு அறுத்தேன். பக்கவாட்டுப் பலகையை ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு இழைத்த பிறகுதான் சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. இழைப்புளியில் சுருண்டு விழும் ஒவ்வொரு சீவலும் அவனுடையதாகத் தெரிந்தது. மூன்றரை மில்லியிலேயே நிறுத்திவிட்டேன். இடுப்பு வளைவுக்கு வந்ததும் படக்கென்று உடைந்தது. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து அழுதது பலகைக்காக அல்ல என்பது உங்களுக்கே புரியும்.

அதனால் நினைவுப் பொருளாக இருக்கும் மரத்தைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். முதல் கிட்டாருக்கு உடைந்தாலும் வருத்தமில்லாத மரம் போதும். பாகங்கள் அறுத்துத் தயாராக வரும் கிட் ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்தால் இன்னும் நல்லது. மரம் சாதாரணமாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்து ஒரு கிட்டார் கட்டினார். ஒலியைப் பெரும்பாலும் தருவது முன்பலகைதான் என்று காட்டவே அப்படிச் செய்தார். கை பழகிய பிறகு, நினைவு மரத்தில் ஒரு மெல்லிய துண்டைத் தலைப்பகுதியின் முகத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, நினைவு நாளைக் கெடுவாக வைப்பது. முதலாம் ஆண்டுத் திருப்பலிக்குள் முடித்துவிட வேண்டும் என்று, நவம்பர் மழையில் முன்பலகைக்கு உள்பக்க ரீப்பர்களை ஒட்டினேன். மரம் ஈரக்காற்றில் குறுக்குவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். குறுக்கே ஒட்டிய ரீப்பர்கள் அதைச் சுருங்க விடாது. அப்புறம் பலகை பிளப்பதைத் தவிர வழியில்லை. ஜூனில் மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கியதும் முன்பலகையில் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜுக்குக் கீழே முடி போல ஒரு கோடு விழுந்தது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும்போது ஒட்டுவதுதான் முறை. ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். கடலோர ஊர் என்றால் பலகையை ஏசி அறையில் சில நாள் வைத்து, அங்கேயே ஒட்டுங்கள். அந்த நாளை வேலை நாளாகவே வைக்காதீர்கள். அன்றைக்குக் கல்லறைக்குப் போய்விட்டு வரலாம்.

தூக்கமில்லாத ராத்திரியில் மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டரையோ மின்வாளையோ தொடவே கூடாது. துக்கத்தில் கண் பார்க்கும், மனம் வேறெங்கோ இருக்கும். என் இடது ஆள்காட்டி விரலில் தழும்பு இருக்கிறது. அந்த நேரத்துக்கு உப்புத்தாள் வேலை போதும். அதற்கும் முகக்கவசம் அவசியம். ஈட்டி மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும்.

கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களின் அளவுகளைக் காலையில் குறியுங்கள். கம்பி நீளம் 648 மில்லி என்றால் முதல் ஃப்ரெட், கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 36.4 மில்லியிலும், பன்னிரண்டாவது சரிபாதியான 324இலும் வரும். ஒவ்வொன்றையும் முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலைச் சரியாக 648இல் வைத்தாலும் சுதி ஏறி ஒலிக்கும். 2, 3 மில்லி பின்னால் தள்ளுங்கள், தடித்த கம்பிப் பக்கம் இன்னும் சற்றுக் கூடுதலாக.

பிரிட்ஜை வார்னிஷ் மேல் ஒட்டாதீர்கள், அடியில் வெறும் மரம் தெரிய வேண்டும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும்.

கடைசித் தவறை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாலிஷ் முடிந்து, எல்லாம் தயாரான பிறகும் மூன்று மாதம் கம்பி மாட்டாமல் வைத்திருந்தேன். மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும், அதற்கப்புறம் அந்த ஒரு மணி ராத்திரியில் என்ன செய்வது என்ற பயம். உங்களுக்கும் அந்தத் தயக்கம் வரலாம். பாலிஷ் காய்ந்துகொண்டிருக்கும் வாரத்திலேயே மரக்கடைக்குப் போய் அடுத்த கிட்டாரின் கழுத்துக்கு ஒரு கட்டை வாங்கி மேசையில் போட்டுவிடுங்கள். நான் அதை மூன்று மாதம் கழித்துத்தான் செய்தேன். மறுநாள் பாடகர் குழுவில் தம்பியோடு வாசித்த பையனைக் கூப்பிட்டு, கம்பியை அவனையே மாட்டச் சொன்னேன்.