வீட்டுக்கடன் கட்டி முடித்தாச்சு, ரசீது பதிந்தீர்களா?

எங்கள் தாம்பரம் வீட்டின் கடனை 2018-லேயே அடைத்துவிட்டோம். அசல் பத்திரங்கள் கைக்கு வந்தன, பீரோவில் வைத்துப் பூட்டினோம், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். போன வருடம் வீட்டை விற்கப் போனபோது, வாங்குபவரின் வங்கி வக்கீல் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) ஒரு வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். பதிவுத்துறைக் கணக்கில் வீடு இன்னும் அடமானத்திலேயே இருந்தது. அட்வான்ஸ் வாங்கிய பிறகு அதைச் சரிசெய்ய ஏழு வாரம் அலைந்தோம். அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது. வேறு யாருக்கும் அது வர வேண்டாம். கீழே இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை.

1. வங்கியில்

கடைசித் தொகையை எழுத்தில் வாங்கிக் கட்டுங்கள். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. இஎம்ஐ தானாகப் பிடிக்கும் உத்தரவையும் அன்றே ரத்து செய்யச் சொல்லுங்கள்.

2. பத்திரங்கள்

கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அங்கேயே உட்கார்ந்து, கடன் வாங்கியபோது தந்த பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் சரிபாருங்கள். தாய்ப்பத்திரம், அதாவது முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரம், முக்கியம். அப்புறம் நிலுவை இல்லை என்ற கடிதம்.

3. ரசீது ஆவணம்

நாங்கள் விட்டது இதைத்தான். கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆவணம் பதிவாகியிருக்கும். எம்.ஓ.டி என்பார்கள். கடனை அடைத்தாலும் அது தானாக நீங்காது. பணம் வந்து சேர்ந்தது என்று வங்கி எழுதிக் கொடுக்கும் ரசீதையும் அதே அலுவலகத்தில் பதிய வேண்டும். எங்களுக்கு வங்கி அதிகாரி அதிகாரக் கடிதத்தோடு நேரில் வர வேண்டியிருந்தது, அதனால் தேதியை அவரிடம் முதலில் உறுதி செய்துவிட்டுப் பதிவுக்கான டோக்கன் போடுங்கள்.

வரைவை வரிவரியாகப் படியுங்கள். எங்களுக்கு வந்ததில் எம்.ஓ.டி எண் இருக்க வேண்டிய இடத்தில் கிரயப் பத்திரத்தின் எண் இருந்தது. கவுண்டரில் நிற்கும்போதுதான் கவனித்தேன். திரும்பி வந்து, மறுபடி அதிகாரிக்காகக் காத்திருந்து, அதிலேயே பத்து நாள் போய்விட்டது. இந்த வேலைக்கு அலுவலகப் பக்கத்திலிருக்கும் அனுபவமுள்ள ஆவண எழுத்தரையே நான் சொல்வேன். அவர் கண்ணுக்கு இந்த எண் குழப்பம் உடனே தெரியும்.

4. வில்லங்கம் பார்ப்பது

சில நாள் கழித்து பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மின்னணு சேவைகளுக்குள் போய் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. முடிவுத் தேதி ரசீது பதிந்த நாளுக்குப் பிந்தியதாக இருக்கட்டும். சர்வே எண்ணோடு உட்பிரிவு எண்ணையும் சரியாகக் கொடுங்கள். பழைய எம்.ஓ.டி வரி அப்படியே இருக்கும், பயப்படாதீர்கள். அதன் பிறகு ரசீது தனிப் பதிவாக வந்து, அதில் எம்.ஓ.டி எண் சரியாக இருந்தால் போதும்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாக வந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை

இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: கடன் கொடுத்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டால்? அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியன் வங்கியோடு இணைந்ததுபோல. இப்போதுள்ள வங்கிதான் ரசீது தர வேண்டும். எம்.ஓ.டி பழைய வங்கியின் பெயரில் இருப்பதால், இணைந்த விவரத்தை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கோப்பு எந்தக் கிளையில் இருக்கிறது என்று தேடவே நாளாகும், அதனால் விற்கும் யோசனை வந்த அன்றே கேட்டு வையுங்கள்.