ட்ரிகரில் மட்டும் கை வைக்காதீர்கள்

டெக்சாஸில் இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே போகத் தொடங்கி எனக்கு ஏழு வருடமாகிறது. க்ளாக் 19 என்கிற கைத்துப்பாக்கி. வாங்கிய மூன்றாம் மாதமே அதற்கு அலங்காரம் ஆரம்பித்துவிட்டேன். ஸ்லைடின் (சுடும்போது பின்னால் நகர்கிற மேல்பாகம்) பின்பக்கத்துக்கு மண்டையோடு பொறித்த தகடு, தொட்டால் சுடுகிற மாதிரி ஒரு லேசான ட்ரிகர். இரண்டும் இப்போது மேஜை டிராயரில் ஒரு கவருக்குள் கிடக்கின்றன. ஏன் என்று சொல்வதற்குத்தான் இது.

அதற்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி வேலை விசா, எஃப்-1 படிப்பு விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். நான் க்ரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். அடுத்தது, துப்பாக்கியை வெளியே எடுத்துப்போகிற லைசென்ஸ். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதானவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்தியச் சட்டம், பள்ளி இருக்கிற மாநிலத்து லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு தருகிறது. தினமும் பள்ளியைத் தாண்டித்தான் நாம் வண்டி ஓட்டுகிறோம்.

சரி, ட்ரிகருக்கு வருவோம். பயிற்சியாளரிடம் என் துப்பாக்கியைப் பெருமையோடு நீட்டினேன். அவர் தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மீன் நிறுக்கும் தராசு மாதிரி ஒரு கொக்கியை ட்ரிகரில் மாட்டி மெதுவாக இழுத்தார். மூன்று பவுண்டைத் தொடுவதற்குள் ‘டிக்’ என்றது. கம்பெனியிலிருந்து வரும்போது ஐந்தரைக்குப் பக்கத்தில் இருக்கும். “இதை எதற்கு மாற்றினாய்?” என்றார். “குறி நன்றாக விழுகிறது.” “கை நடுங்கும்போதுமா?” என்னிடம் பதில் இல்லை.

அவர் சொன்ன கணக்கு இதுதான். தற்காப்பு என்றால், ‘ஆமாம், நான்தான் சுட்டேன், வேறு வழியில்லாமல் தெரிந்தே சுட்டேன்’ என்று ஒப்புக்கொண்டு நியாயம் கேட்பது. ‘தவறி வெடித்துவிட்டது’ என்று ஆகிவிட்டால் அந்த நியாயம் கையைவிட்டுப் போய்விடும். வேண்டுமென்று கொன்றார் என்று நிரூபிப்பதைவிட, கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிப்பது அரசு வழக்கறிஞருக்குச் சுலபம். லேசான ட்ரிகர் அவருக்கு நாமே எடுத்துக் கொடுக்கிற பிடி. மயாமியில் 1982-ல் ஒரு போலீஸ்காரர் சுட்ட வழக்கில் அரசுத் தரப்பு வாதமே இதுதான்: ரிவால்வரின் சுத்தியலைப் பின்னிழுத்து வைத்ததால் ட்ரிகர் லேசாகி, தவறிச் சுட்டது என்றார்கள். 1984-ல் ஜூரி அவரை விடுவித்தது. விடுவிக்கும் வரை அந்த மனிதருக்குத் தூக்கம் வந்திருக்குமா?

மண்டையோட்டுத் தகடு அன்று மாலையே கழன்றது. அரிசோனாவின் மேசா நகரில் 2016-ல் ஆயுதமில்லாத ஒருவரைச் சுட்ட போலீஸ்காரரின் ரைஃபிளில் ஒரு கெட்ட வார்த்தை வாசகம் பொறித்திருந்தது. ஜூரி அதைக் கேட்கக் கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். எல்லா நீதிபதியும் தடுப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது?

மாற்றவே கூடாது என்றில்லை. குறிபார்க்க, இருட்டில் மின்னும் சைட் போடுங்கள். விளக்கு மாட்டுங்கள், எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன் என்று சொல்ல அது உதவும். விளக்கு மாட்டினால் பழைய உறை பொருந்தாது. ட்ரிகரை முழுக்க மூடுகிற கெட்டியான உறையாகப் புதிதாக வாங்குங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிடியில் சொரசொரப்பு ஏற்றலாம், ஆனால் சீரியல் நம்பர் பக்கம் போகாதீர்கள். அதை அழிப்பது மத்தியக் குற்றம். முன்பக்கம் செங்குத்தான கைப்பிடி ஒன்றைப் பதிவில்லாமல் மாட்டினாலும் சிக்கல்தான். அதன்பின் அது சட்டத்தின் கண்ணில் கைத்துப்பாக்கியே இல்லை, வேறு வகை ஆயுதம். ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் தொடர்ந்து சுட வைக்கிற, ‘ஸ்விட்ச்’ என்று விற்கிற துண்டை மாட்டினால் அது இயந்திரத் துப்பாக்கி. அதற்குப் பத்து வருடம் வரை சிறை.

தோட்டாவிலும் ஆசைப்பட வேண்டாம். 2004-ல் அரிசோனா மலைப்பாதையில் தன்மேல் பாய்ந்து வந்தவரைச் சுட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தது 10 மில்லிமீட்டர், ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி இருந்து பட்டதும் விரிகிற தோட்டா. அதன் பலத்தை அரசுத் தரப்பு ஜூரியிடம் விவரித்தது. 2006-ல் தண்டனை, 2009-ல் மேல்முறையீட்டில் ரத்து. நடுவில் போன வருடங்கள் சிறையில் கழிந்தன. நான் இப்போது போலீஸ்காரர்கள் வைத்திருக்கிற அதே 9 மில்லிமீட்டர் தோட்டாதான் போடுகிறேன். கேட்டால் சொல்ல ஒரு வரி போதும்.

கழற்றிய பாகங்கள், ரசீதுகள், எது எப்போது ஏன் மாறியது என்ற குறிப்பு எல்லாம் அந்தக் கவரில் தேதியோடு இருக்கின்றன.

மாநில எல்லை தாண்டினால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். நியூஜெர்சியில் டெக்சாஸ் லைசென்ஸ் செல்லாது, பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற மேகசின் கூடாது, என்னுடையதில் பதினைந்து. ஹாலோ பாயின்ட்டுக்கும் அங்கே தனிக் கட்டுப்பாடு. அதனால் மச்சான் வீட்டுக்குப் போகும்போது க்ளாக் இங்கேயே பெட்டகத்தில் இருக்கும். சாவி மனைவியிடம்.