பணி ஓய்வுக்கு முன்பே அனுபவத்தைப் பதிவு செய்வது எப்படி?

ஓர் இயந்திரத்தோடு பல ஆண்டுகள் பழகிய மூத்த தொழிலாளர் மாலை மரியாதையோடு விடைபெற்ற சில வாரங்களிலேயே, அந்த இயந்திரம் பழுதாகி நிற்பதும், அவரையே தொலைபேசியில் அழைத்து வழி கேட்பதும் நம் தொழிற்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த நிலை வராதபடி, பணியாளர்கள் அனுபவத்தில் கண்டறிந்ததை நிறுவனத்தின் பொதுச் சொத்தாக்கி, வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்கச் செய்யும் பணியே அறிவு மேலாண்மை. தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, 7.1.6ஆம் பிரிவில் இதை ஒரு தேவையாகவே சேர்த்திருக்கிறது.

பல நிறுவனங்கள் இதற்கென மென்பொருள் வாங்குவதிலிருந்து தொடங்குகின்றன. அது தலைகீழான வரிசை என்பது என் உறுதியான கருத்து. முதலில் துறைவாரியாக அமர்ந்து, யார் ஒரு மாதம் விடுப்பில் சென்றால் எந்த வேலை தடைபடும் என்று பட்டியல் எழுதுங்கள். அதில் விரைவில் ஓய்வு பெறவிருப்பவரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் “உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதால் பயனில்லை. நாம் சொல்ல முடிவதைவிட அதிகமாகவே அறிந்திருக்கிறோம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966இல் எழுதியது இங்கே முழுமையாகப் பொருந்தும். ஆகவே நடந்த நிகழ்வுகளைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது பழுதானது, முதலில் எதைப் பார்த்தீர்கள், எதை வேண்டாமென்று விட்டீர்கள், புதியவர் அந்த இடத்தில் என்ன தவறு செய்வார்? அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்கவிருப்பவரே கேள்வி கேட்டுக் குறிப்பெடுப்பது நல்லது. புரியாத இடத்தில் அவர்தான் தயங்காமல் மறுபடி கேட்பார்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: “கோடையில் தொட்டியின் நீர்மட்டம் இறங்கும்போது, பம்ப்புக்குள் ஜல்லி உருள்வது போன்ற சத்தம் கேட்டு, அழுத்தமானியின் முள் ஆடினால், பம்ப்பைப் பிரிக்க வேண்டாம். முதலில் நீர்மட்டத்தையும் உறிஞ்சு குழாயின் வடிகட்டியையும் பாருங்கள்.” அறிகுறி, சூழல், செய்யக்கூடாதது, செய்ய வேண்டியது ஆகிய நான்கும் இதில் உள்ளன. “பம்ப்பை முறையாகப் பராமரிக்கவும்” என்ற வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எழுத்தில் அடங்காத கைப்பக்குவத்துக்கு, இருவரும் சில மாதங்கள் ஒரே ஷிஃப்ட்டில் சேர்ந்து வேலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிச் சேரும் குறிப்புகளை யார் சரிபார்ப்பது என்பதற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் நல்ல வழிகாட்டி. நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள், கையேட்டில் இல்லாத சிக்கல்களைத் தங்களுக்குள் கதைகளாகப் பேசியே தீர்த்துக்கொள்கிறார்கள் என்பதை, அங்கே ஆய்வாளராக இருந்த மானிடவியலாளர் ஜூலியன் ஆர் (Julian Orr), பழுதுபார்ப்பவர்களோடு உடன் சென்று கண்டறிந்தார். பின்னர் 1990களில் அந்நிறுவனம் ‘யுரேகா’ என்ற தகவல் தளத்தை அமைத்தது. தொழில்நுட்பர்கள் அனுப்பிய குறிப்புகளைச் சக தொழில்நுட்பர்களே சோதித்து ஏற்றார்கள். எழுதியவரின் பெயரும் குறிப்போடு இடம்பெற்றது. பெயர் போடுவது சிறிய செயல்தான். ஆனால் தன் அனுபவத்துக்குக் கிடைக்கும் அந்த மதிப்பு, அடுத்த குறிப்பை எழுதத் தூண்டும்.

தெரிந்ததைச் சொல்லிவிட்டால் தன் இடம் பறிபோகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு, அது நியாயமானதும்கூட. கற்றுக்கொடுத்தவரை ஒதுக்கமாட்டோம் என்று நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்வதோடு, கற்பிக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டு, பதவி உயர்விலும் அதற்கு இடம் தர வேண்டும்.

ஒவ்வொரு பெரிய வேலை முடிந்ததும் என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை என்ன செய்வோம் என்று குழுவாகப் பேசிக் குறித்துவையுங்கள். அமெரிக்க ராணுவம் பயிற்சிகளுக்குப் பின் இதே முறையைக் கையாள்கிறது.

குறிப்புகளை வைக்கும் இடம் பகிரப்பட்ட கோப்புறையாக இருந்தாலும் போதும், தேடினால் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் பொறுப்பாளரின் பெயரும் மறு சரிபார்ப்புத் தேதியும் இருக்கட்டும். இயந்திரமோ நடைமுறையோ மாறிய அன்றே பழைய குறிப்பைத் திருத்துங்கள், அல்லது நீக்கிவிடுங்கள்.