உதறும் அம்பாசடர் இன்ஜின்: கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

பெட்ரோல் அம்பாசடர் ஐடிலிங்கில் உதறுகிறது, மிதித்தால் திணறுகிறது என்றதும் பலரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நேராகப் போவது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரிடம்தான். கொஞ்சம் திருகினால் சத்தம் மாறும். மாறியதும் கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று தோன்றிவிடும். அப்புறம் இன்னும் கொஞ்சம் திருகல். கடைசியில் முன்பு எந்த இடத்தில் இருந்தது என்பதும் மறந்துபோய், இருந்த கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துவிடும்.

பழைய இன்ஜின்களில் நடக்கும் மிகப் பெரிய தவறு இது. பெட்ரோல் கலவையைக் கூட்டினால் காற்றுக் கசிவு கொஞ்ச நேரம் மறையும், ஒரு வால்வின் இடைவெளிக் குறை கூடத் தற்காலிகமாக அடங்கினதுபோல் தெரியும். குறை அப்படியே உள்ளே இருக்கும். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சமமாக இருந்து, நான்கு பிளக்கிலும் நல்ல தீப்பொறி சரியான நேரத்தில் வந்தால்தான் கார்புரேட்டரை டியூன் செய்வதில் அர்த்தம் உண்டு. எனவே முதலில் வால்வும் கம்ப்ரஷனும் (சிலிண்டர் அழுத்தம்), அடுத்து இக்னிஷன் (தீப்பொறி தரும் பகுதி), கடைசியில் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அதற்கும் முன்னால், உதறுவது உண்மையிலேயே மிஸ்ஸிங்தானா, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். சைலன்சர் முனைக்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். புகைக்காற்று ஒரே தாளத்தில் சீராக வந்து, வண்டி மட்டும் ஆடினால், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருக்கலாம். இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போனால்தான் அது மிஸ்ஸிங்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்குவது பலருக்குப் பழக்கம். ஷாக் அடிக்கும் என்பது ஒரு பக்கம். தீப்பொறிக்குப் போக வழியில்லாமல் உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் உள் இன்சுலேஷனும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டரும் அடி வாங்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு ஒயரைக் கழற்றி, அதன் முனையை ஒரு துண்டு ஒயரால் இன்ஜின் உடம்போடு எர்த் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஒவ்வொன்றாக நான்கையும் இப்படிப் பாருங்கள். எந்த ஒயரைக் கழற்றியபோது ஓட்டம் மாறவே இல்லையோ, அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே தூங்குகிறது.

இங்கே அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினுக்கே உரிய ஒரு விஷயம் உதவும். இது பிரிட்டனின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் இன்ஜின். நான்கு சிலிண்டருக்கும் காற்று உள்ளே போக ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) இரண்டே வாசல்கள்தான்: 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று, 3, 4 சிலிண்டர்களுக்கு ஒன்று. ஆகவே 1-ம் 2-ம் மட்டும், அல்லது 3-ம் 4-ம் மட்டும் பலவீனமாக இருந்தால், அந்தப் பக்கத்து இன்லெட் மேனிஃபோல்ட் (காற்று உள்ளே போகும் குழாய்) கேஸ்கெட்டை முதலில் சந்தேகியுங்கள். 2-ம் 3-ம் சேர்ந்து விழுந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட் கேஸ்கெட் மற்ற ஜோடிகளுக்கு நடுவிலும் போகலாம். கம்ப்ரஷன் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சிலிண்டர் மாறி மாறி மிஸ் ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றைப் பாருங்கள்: பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), அதோடு இணைந்த கண்டன்சர், காயில், பெட்ரோல் வரத்து. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு உதறல் தொடங்கியிருந்தால் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். தீப்பொறி போகும் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜினில் கார்புரேட்டர் கிளீனரை ஸ்ப்ரே செய்வதை நிறையப் பேர் செய்கிறார்கள். இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சுட்டுக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் மேல் எரியும் திரவத்தைத் தெளிப்பது வண்டியையே கொளுத்திவிடும். எண்ணெய்க் கேனில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் எடுத்து, இன்ஜின் சூடேறுவதற்குள் மூட்டுகளில் சொட்டு சொட்டாக விடுங்கள். கசிவுள்ள இடத்தில் ஆயில் உள்ளே இழுபடும், ஐடிலிங் ஒரு கணம் மாறும். அதுவே போதும்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் காற்று போதிய அளவு உள்ளே வராது, நல்ல இன்ஜினும் மோசமாகத் தெரியும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

வால்வு விஷயத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: டேப்பெட் சத்தம் (வால்வு இடைவெளியால் வரும் 'டிக் டிக்' சத்தம்) இல்லாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்று. எனக்கு அந்த அமைதிதான் பயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்துவந்தது. கடினமான புதிய சீட் போடாத ஹெட்டில் வால்வு மெல்ல மெல்ல மேலே ஏறும், டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தமும் குறையும். ஒரு நாள் வால்வு முழுதாக மூடாமல் நின்று, கம்ப்ரஷன் ஒழுகி, ஓரம் எரியத் தொடங்கும். எனவே இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) வைத்தே பாருங்கள். எட்டு வால்வுகளையும் முன்னாலிருந்து வரிசையாக எண்ணுங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்து வரும் வால்வைச் சரிபார்க்கலாம். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3.

இனி இக்னிஷன். பிளக், பாயின்ட், கண்டன்சர், ரோட்டர், மூடி எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றிவிட்டு, இன்னும் உதறுகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு. எது கோளாறு என்பதும் தெரியாது, எது புதிய கோளாறு என்பதும் தெரியாது. இப்போது கிடைக்கும் சில கண்டன்சர்களும் ரோட்டர்களும் கழற்றிப் போட்ட பழையதைவிட மட்டமாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், ஏறக்குறைய 0.35 முதல் 0.40 மி.மீ. பாயின்ட் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்று ஆகியிருந்தால் ஃபீலர் கேஜ் மேட்டின் மேல்தான் உட்காரும், அளவு பொய்யாகிவிடும். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்டுக்குப் போகும் மெல்லிய பின்னல் ஒயர். இன்ஜினின் உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ், பாயின்ட் உட்காரும் தகட்டை இழுக்கும்போதெல்லாம் அது வளைந்து வளைந்து, மேலுறை நன்றாக இருக்க உள்ளே அறுந்துபோகும். ஐடிலிங்கில் ஒழுங்காக ஓடி, மிதித்ததும் திணறினால் அதை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் தகடு நகர்ந்து, உறிஞ்சியதை நிறுத்திக் குழாயை நாவால் அடைத்திருக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

வெயில் காலத்தில் இன்னொரு தவறு. மதியத்தில் வண்டி நெடுஞ்சாலையில் திணறி நின்றுவிடும். உடனே பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகும். வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் அதே பத்து நிமிடத்தில் காயிலும் கண்டன்சரும் கூடத்தான் ஆறியிருக்கும். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும் காயில்கள் நிறைய உண்டு. நின்றவுடனே, துணி போடுவதற்கு முன்பே, தீப்பொறியைப் பாருங்கள். அதற்கு ஒரு பழைய பிளக்கை டாஷ்போர்டிலேயே வைத்திருங்கள். பெட்ரோல் நெடி இல்லாத இடத்தில் அதை ஒயரில் மாட்டி, இன்ஜின் உடம்பில் அழுத்தி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் வலுவாகத் தெறித்தால் பெட்ரோல் பக்கம் போகலாம். மங்கிய மஞ்சளாகவோ வராமலோ இருந்தால் பம்பைத் தொட வேண்டாம்.

பிளக்கின் நிறத்தைப் படிப்பதிலும் அவசரம் கூடாது. அரை மணி நேரம் ஐடிலிங்கில் நின்ற வண்டியின் பிளக் கறுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் ஓட்டி, அப்படியே நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்றுங்கள். தவிட்டு நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு கைடு.

இவ்வளவும் சரி என்றால் இப்போது கார்புரேட்டர். எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் முதலில் மேல்மூடித் தண்டு இறங்கும் குழலில் ஆயில் இருக்கிறதா பாருங்கள். அது வற்றினால் மிதித்தவுடன் திணறும். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு கீழே விழ வேண்டும். திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடினால் அதன் வழியே காற்று புகும், எந்த டியூனிங்கும் நிலைக்காது. கலவையைச் சோதிக்க, சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு, லேசாகக் கூடி உடனே பழையபடி வந்தால் சரியான அளவு.

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் வைத்த ஜெட் (பெட்ரோல் வரும் துளை) இப்போது குறைவான கலவையைத்தான் தரும். அடியில் உள்ள ஜெட் நட்டைக் கீழ்நோக்கி இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். நட்டுக்கு ஆறு முகங்கள். ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டும் திருப்பி, எத்தனை முகம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் திருப்புங்கள்.